பீச்சாங்கைக்கு ஒரு உறை

ஐந்து வந்தாயிற்று, இனி ஊசியை உருவ வேண்டும், இந்த இடத்தில்தான் பிரமுவுக்கு ஒவ்வொரு தடவையும் காரியம் கெட்டது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரே கண்ணுக்குள் ஐந்து தடவை குரோஷா ஊசியை விட்டு, ஐந்து தடவை நூலை இழுத்து, ஐந்து குட்டித் தூண்களையும் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மாதிரி நெருக்கி நிறுத்தியாயிற்று. இனி ஊசியைக் கழற்றிவிட்டு, கடைசிக் கண்ணியை அந்தரத்தில் தொங்கவிட்டு, முதல் தூணின் தலையில் குத்தி, தொங்குகிற கண்ணியை அதன் வழியாக இழுத்தால் ஐந்தும் சேர்ந்து முதுகை வளைத்து மொட்டாக எழும்பி நிற்குமாம். பாப்கார்ன் தையலாம். "ஊசிய வெளிய எடுக்கப் பயப்படாதீங்க ஃபிரெண்ட்ஸ்" என்கிறாள் செல்போனில் வீடியோக்காரி. கை நிறையக் கண்ணாடி வளையல், முகத்தை மட்டும் காட்டவே மாட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவாள். ஊசியை எடுத்த கணமே கண்ணி சுருங்குகிறது, பிரமுவின் வலது கை அதைத் துழாவுகிறது, நூல் பின்வாங்குகிறது, ஐந்தில் இரண்டு அவிழ்கிறது, அட மூதேவி, மறுபடியும் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. தென்காசியில் ஆனிச் சாரல் விட்டு விட்டுத் தூறி, ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். கூடத்தில் அவள் வீட்டுக்காரன் சிவசைலம் டி.வி.யை ஓடவிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறான். இங்கே உள்ளறையில், பாயில், அவள் காலடியில் நாலரை வயது மகள் குழலி தூங்குகிறாள். குழலியின் இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் அப்பாவின் கைக்குட்டை சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. முடிச்சைப் போட்டது வேறு யாருமில்லை, பிரமுதான். சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாள், அவிழாத மாதிரி இரட்டை முடிச்சு. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவள் ஊசி முனையை இவ்வளவு கூர்ந்து பார்க்கிறாள். முனையை மட்டும் பார், முனையை மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தையல் வந்தால் உறை வரும். உறை வந்தால் கைக்குட்டை வேண்டாம். புதன்கிழமை கல்யாணத்துக்குப் பிள்ளை அந்த உறையை மாட்டிக்கொண்டு, இடது கையைப் பூட்டிவைத்துக்கொண்டு, பந்தியில் வலது கையால் சமர்த்தாகச் சாப்பிடுவாள். அதற்குத்தான் இவ்வளவு பாடும். வடிவு மைனி ஐந்து மணிக்கு வந்து பார்ப்பாள்.

வடிவு மைனி சிவசைலத்தின் அக்கா. அவள் மகளுக்குத்தான் புதன்கிழமை கல்யாணம். மைனியைப் பொல்லாதவள் என்று சொன்னால் வாய் வெந்துபோகும், பிரமுவின் பிரசவத்துக்கு ஒன்றரை மாதம் கூட இருந்து உள்ளி லேகியம் கிண்டிப் போட்டவள் அவள்தான், இதுதானே பிரச்சினை, பொல்லாதவளாக இருந்தால் ஒரு சண்டையில் தீர்ந்துபோகும். பத்து நாளைக்கு முன்னால் நிச்சயதார்த்தம். குழலிக்குப் பச்சைப் பாவாடை உடுத்தி, சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, போ, மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நீட்டு என்று அனுப்பினார்கள். பிள்ளை சபைக்கு நடுவில் குடுகுடுவென்று போய் நீட்டியது. இடது கையால் நீட்டியது. அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமல் இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "சோத்தாங்கையால தா தாயி" என்றாள். குழலிக்கு என்ன தெரியும், அவள் சோறு தின்கிற கையால்தானே நீட்டினாள். கிண்ணம் அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றிருக்கும், ஒரு நிமிஷம் இருக்குமா, இருக்காது, பிரமுவுக்கு ஒரு யுகம். குழலி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஏம்மா வாங்க மாட்டேங்காக என்று கண்ணாலேயே கேட்டாள். பிரமு என்ன செய்தாள்? தரையைப் பார்த்தாள். பாவி, தரையைப் பார்த்தாள். மைனிதான் எழுந்து வந்து கிண்ணத்தை மறு கைக்கு மாற்றி நீட்டவைத்தாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது மைனி சொன்னாள், "ஏட்டி பிரமு, அஞ்சுல வளையாததா ஐம்பதுல வளையப்போவுது? இப்பமே திருத்திரு. கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரக எதிர்ல உக்காந்து இது பீச்சாங்கையால சோத்தை அள்ளுச்சுன்னா என் மானம் என்னத்துக்காகும்?" தம்பியின் கைக்குட்டை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். கைக்குட்டையைக் குழலி பல்லால் கடித்து இழுத்தாள், அழுதாள். அதற்கும் மைனிதான் வழி சொன்னாள். "பிறந்த பிள்ளைக்கு நகம் கீறாம மாட்டுவோம்லா, விரல் இல்லாத உறை, அந்த மாதிரி நீ குரோஷாவுல ஒண்ணு பின்னு. பாவாடைக்குப் பொருத்தமா அரக்கு நூல்ல, மேல மொட்டு மொட்டா வச்சு. அழகா இருந்தா அதுவே ஆசையா மாட்டிக்கிடும், பாக்கவனும் ஃபேஷன்னு நெனச்சிக்கிடுவான்." நல்ல யோசனை என்றான் சிவசைலம். அக்கா சொன்னால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்றான். சரி மைனி என்றாள் பிரமு. ரத வீதியில் போய் நூலும் அவளே வாங்கி வந்தாள், நாலு அரக்கு நிறத்தைப் பிரித்துப் போட்டுப் பாவாடை பார்டரோடு ஒத்துப் பார்த்து, கடைக்காரரைப் பொறுமை இழக்கவைத்து. பிள்ளையின் கையைக் கட்டுகிற நூலுக்கு அவ்வளவு ரசனை! நினைத்தால் பிரமுவுக்குத் தன் கன்னத்திலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நாலு, ஐந்து, ஊசியை உருவு, குத்து, இழு. வந்தது. அட, வந்தே விட்டது, ஆனால் மொட்டு எங்கே? நூல் சேர்ந்திருக்கிறது, முடிச்சு இறுகியிருக்கிறது, மேலே ஒன்றும் எழும்பவில்லை, அம்மைத் தழும்பு மாதிரி ஒரு குழிதான் விழுந்திருக்கிறது. பரவாயில்லை, அடுத்தது. எந்தக் காரியமும் இந்த வலது கைக்கு முதல் தடவையே வந்ததில்லை. அது வாடகைக்கு வந்த கை. ஐந்து வயது வரைக்கும் பிரமுவும் குழலியைப் போலத்தான், கோலம் இடது, கல் எறிவது இடது, சோறு இடது. அப்பாதான் மாற்றினார். அடித்து மாற்றவில்லை, அப்பா ஒரு ஈ எறும்பை அடிக்க மாட்டார். தினமும் காலையில் மடியில் உட்காரவைத்து, ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே, இடது கையின் ஐந்து விரலுக்கும் வேப்பெண்ணெய் தடவுவார். நகக்கண் வரைக்கும் தேய்ப்பார், பொறுமையாக, நேர்த்தியாக. பிறகு இட்டிலி. இடது கை வாய்க்குப் போனால் குமட்டும். என் ராஜாத்தில்லா, அந்தக் கையால தின்னு என்பார். ஆறு மாதத்தில் வலது கைக்காரி ஆகிவிட்டாள். ஊரே அப்பாவின் சாமர்த்தியத்தை மெச்சியது. அதே ஆறு மாதத்தில்தான் பேச்சு தட்ட ஆரம்பித்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிரமுவும் சேர்த்துப் பார்த்ததில்லை, போன வியாழக்கிழமை வரைக்கும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் டீச்சர் என்ற இரண்டு வார்த்தை வரிசையில் அவளிடம் வந்ததும் நின்றுவிடும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், உ, உ, உ என்று தொண்டையில் எலி ஓடும். பிறகு கற்றுக்கொண்டாள். திக்குகிற எழுத்து எது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அந்த வார்த்தையை விட்டு வேறு வார்த்தைக்குத் தாவிவிடுவது. பால் வேண்டும் என்றால் காப்பி வேண்டும் என்பாள், காப்பி அவளுக்குப் பிடிக்காது, குடித்துத் தொலைப்பாள். முப்பத்தோரு வயதில் அவள் பேசுவதில் பாதி அவள் சொல்ல நினைத்ததில்லை. பெண் பார்க்க வந்தபோது அதிகம் பேச மாட்டா, அடக்கமான பொண்ணு என்று தரகர் அளந்துவிட்டார், அதையே கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் உச்சி குளிர்ந்துபோனார்கள். மகளுக்குக் குழலி என்று பேர் வைத்தது குற்றாலத்து அம்மன் பேருக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். அம்மனுக்காகத்தான், ஆனால் மாமியார் சொன்ன ஏழு பேரையும் உள்ளறையில் தனியாக நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அந்த ஒரு பேர்தான் அவள் நாக்கில் தட்டாமல் வந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பெற்ற பிள்ளையையாவது வாய் நிறையக் கூப்பிட வேண்டாமா? அப்பாவைக் குறை சொல்ல மனசு வராது. செத்து ஒன்பது வருஷமாகிறது. முகம்கூட மங்கிவிட்டது, அந்த வேப்பெண்ணெய் வாடை மட்டும் இட்டிலித் தட்டைத் திறக்கிறபோதெல்லாம் வருகிறது.

அப்பா, நல்லதுக்குத்தான் செய்தீர்கள். எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். மைனியும் நல்லதுக்கு, நானும் நல்லதுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. வெளியே சாரல் வலுத்தது, தகரத்தில் சடசடவென்று விழுந்தது, டி.வி.யில் யாரோ சிரித்தார்கள், குழலி புரண்டு படுத்துக் கைக்குட்டைக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு சுற்று முடிந்தது. எட்டு மொட்டு வைத்தாயிற்று, எட்டும் குழி. என்ன எழவுக்கு இப்படி ஆகிறது? பிரமு உறையின் வாய்க்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்தாள். விட்டவள் சுற்றிலும் தடவினாள். உள்ளே இருந்தன. எட்டும் உள்ளே இருந்தன. ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவள் பின்னலைத் திருப்பிப் பிடித்திருக்கிறாள், வீடியோக்காரி அதைச் சொல்லவில்லையா, சொல்லி இவள் காதில் விழவில்லையா, மொட்டெல்லாம் வெளியே எழும்புவதற்குப் பதிலாக உள்பக்கம் எழும்பிவிட்டது. கெட்டியாக, உருண்டையாக, வரிசை பிசகாமல். விரலைச் சுற்றி எட்டுப் பக்கமும் அழுத்தியது. செருப்புக்குள் சரளைக்கல் கிடக்கிற மாதிரி. வெளியே தடவினால் வழுவழுவென்று இருக்கிறது, பார்க்கிறவனுக்கு ஃபேஷன். உள்ளே கையை விட்டவளுக்குத்தான் தெரியும். பிரமுவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை காலையில் குழலி அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, த, த, த..." என்றாள். பிரமு தோசைக் கரண்டியோடு திரும்பினாள். பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றது, கண் மேலே போனது, கழுத்து நரம்பு தெறித்தது, "தண்ணி" என்று முடித்தது. அவ்வளவுதான். தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போயிற்று. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை. நேற்று பிரமு எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சு முந்தும் நாக்கு பிந்தும், அதுவா வரும் அதுவா போகும் என்றான் சிவசைலம். இருக்கலாம். அவன் சொல்வது சரியாகவே இருக்கலாம். டாக்டர்கூட அப்படித்தான் சொல்வார். ஆனால் நேற்றுச் சாயங்காலம் குழலி வந்து, பிஸ்கட் வேணும் என்று கேட்க வாயைத் திறந்து, ப்பி என்று தட்டி, அம்மா முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டு, "முறுக்கு தா" என்றாள். முறுக்கு அவளுக்குப் பிடிக்காது. முறுக்கைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றது பிள்ளை, கடிக்கவே இல்லை. நாலரை வயதில்! எனக்கே எட்டு வயது ஆயிற்றே அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள. ஐயோ என் கண்ணே.

பிரமு உறையைப் பாயில் எறிந்தாள். எறிந்துவிட்டு மறுபடி எடுத்தாள். நூலைப் பிடித்து இழுத்தாள், எட்டு மொட்டும் சர் சர்ரென்று அவிழ்ந்து வளைவு வளைவாக மடியில் விழுந்தன. அவிழ்ப்பதற்கு எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. செல்போன் குழலியின் உதை பட்டுச் சரிந்திருந்தது. அதை நிமிர்த்தித் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள், அது பீரோவைப் பார்த்து நின்றது. வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது, வணக்கம் ஃபிரெண்ட்ஸ். எழுந்து திருப்பி வைக்க வேண்டும், இடுப்பு வலித்தது, இருக்கட்டும் என்று பீரோக் கண்ணாடியிலேயே பார்த்தாள். முதலில் விளங்கவில்லை. எதுவோ சுலபமாக இருந்தது. வளையல்காரி தூணை நிறுத்துகிறாள், நிறுத்துகிற தோது பார்க்க இதமாக இருக்கிறது, கண்ணுக்கு வலிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, கண்ணாடிக்குள் அவள் இடது கையால் பின்னுகிறாள். கண்ணாடிக்குள் இருக்கிற பிரமுவும் ஊசியை இடது கையில்தான் வைத்திருக்கிறாள், அடிப்பாவி, எத்தனை நாளாக? தலைவாரும்போது, பொட்டு வைக்கும்போது, கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பீரோவுக்குள் ஒருத்தி இடது கைக்காரியாகவே இருந்திருக்கிறாள், யாரும் அவள் விரலில் எதையும் தடவவில்லை. பிரமு கூடத்தை எட்டிப் பார்த்தாள். குறட்டை. கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். திருட்டுக்குப் போகிறவள் மாதிரி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். என் வீட்டில், என் கையில், என் ஊசி, இதற்கு என்ன பயம் எனக்கு? ஊசியை இடது கைக்கு மாற்றினாள்.

மாற்றியதும் கை அதைப் பிடித்துக்கொண்டது. சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணுக்குள் விட்டாள், ஒன்று, இரண்டு, இவ்வளவுதானா, மூன்று, நாலு, தூண்கள் ஒரே உயரத்தில் நின்றன, ஐந்து. ஊசியை உருவினாள். கண்ணி அந்தரத்தில் தொங்கியது. அவிழவில்லை. அது வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகக் காத்திருந்தது, ஊசி போய் முதல் தூணைக் குத்தியது, கண்ணியைக் கவ்வியது, இழுத்தது. புடைத்துக்கொண்டு மேலே வந்தது மொட்டு. மேலே! வெளியே! பிரமு கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கி, விரலை எடுத்ததும் மறுபடி எழும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கம் கெட்ட தண்ணீர், ஒரு நூல் முடிச்சுக்கு அழுகிறாளே என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்தது. அதற்கு அடுத்தது. சுற்று தலைகீழாகப் போயிற்று, வளையல்காரி கிழக்கே போனால் இவள் மேற்கே, போனால் என்ன, வட்டம் வட்டந்தானே. இந்தக் கையைத்தான் பீச்சாங்கை என்கிறீர்கள். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது இந்தக் கை, ஆமாம், அதற்கென்ன? மாமியார் படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் பேசாமல் எல்லாம் அள்ளியது இந்தக் கை, அப்போது யாரும் சபையில் ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழலியைத் துணியில் சுற்றி நீட்டினபோது எந்தக் கை முதலில் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? வலது கையில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தது. வேலைக்கெல்லாம் வேண்டும், விருந்துக்கு மட்டும் ஆகாது. நல்ல நியாயம் அய்யா உங்கள் நியாயம். இருபத்தாறு வருஷம் மடியில் கைகட்டி உட்காரவைத்தும் இந்தக் கைக்கு ஒரு கோபமும் இல்லை பாருங்கள், கூப்பிட்டதும் வந்துவிட்டது. கோபமெல்லாம் எனக்குத்தான். இப்போதுதான் வருகிறது, சுடச்சுட வருகிறது, நல்லா இருக்கிறது. அஞ்சில் வளையாதது ஐம்பதில் வளையாதாம் மைனி! நான் அஞ்சில் வளைந்தவள்தான். வளைந்ததா முறிந்ததா என்று என் வாயைக் கேளுங்கள்.

மணி நாலேகால். உறை மணிக்கட்டை எட்டிவிட்டது. வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை, நாற்பத்தெட்டு மொட்டும் அரக்கு நிறத்தில் நெருக்கமாக எழும்பி நின்றன, கையில் ஏந்தினால் சீத்தாப்பழம் மாதிரி முரடும் அழகுமாக இருந்தது. உண்மையிலேயே அழகு. அப்போதுதான் பிரமுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு அழகாக இருந்தால் குழலி மாட்டிக்கொள்வாளே! அழ மாட்டாள், கடிக்க மாட்டாள், அம்மா எனக்கா, எனக்கா என்று குதித்துக்கொண்டு தானாகக் கையை நீட்டுவாள். கல்யாண மண்டபம் முழுக்கக் காட்டித் திரிவாள். கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டாள். அப்பாவின் மடியில் நான் தினமும் ஓடிப்போய்த்தானே உட்கார்ந்தேன், கதைக்காக, இடது கையை நானாகத்தானே நீட்டினேன். என் இடது கை என் மகளின் இடது கைக்குச் சிறை கட்டி, அதுக்கு மொட்டு வேறு வைத்திருக்கிறது. இப்போது என்ன செய்வது? அவிழ்த்துவிடலாம். அவிழ்த்துவிட்டு வரவில்லை மைனி, தையல் கஷ்டமா இருக்கு என்று சொல்லலாம். வேறு வார்த்தைக்குத் தாவுகிற அதே வித்தை. மைனி சரி போகட்டும் என்பாள், கைக்குட்டையைக் கட்டு என்பாள், கல்யாணம் முடிந்தால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் முடிந்தால் இன்னொரு கல்யாணம். அல்லது முடியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? கல்யாண வீட்டில் முகம் சுளிப்பார்கள். இவளே ஒரு திக்குவாய், இவ பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் கெடுக்காதே என்று சிவசைலத்திடம் சொல்வார்கள், சொல்லாமலா இருப்பார்கள்? சிவசைலம் அக்கா முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும், எத்தனை நாளைக்குப் பேசுவார்கள்? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. ஊசியை எடுத்தாள். இரண்டு கண்ணைச் சேர்த்து ஒன்றாக்கினாள். அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினாள். மணிக்கட்டு வாய் குறுகியது. சுற்றச் சுற்றக் குறுகியது, நாலு விரல் நுழைகிற அளவு, இரண்டு விரல், ஒரு விரல், கடைசியில் ஊசி முனை மட்டும். அந்த இடத்திலும் ஐந்து தூண் நிறுத்தி, ஊசியை உருவி, குத்தி, இழுத்து, ஒரு மொட்டு வைத்து மூடினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு பாயில் குனிந்து குழலியின் கைமுடிச்சை அவிழ்த்தாள். இரட்டை முடிச்சு, நேரம் எடுத்தது. உள்ளே விரல்கள் வெந்து சுருங்கிப்போயிருந்தன. பிரமு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள், குழலி தூக்கத்திலேயே அந்தக் கையை விரித்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. "ஏட்டி பிரமு, என்ன, வீடே உறங்குது? ஏலே சைலம், எந்திரிலே, காப்பிக்கு ஆளைக் காணும்" என்று பேசிக்கொண்டே மைனி உள்ளறைக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே சிவசைலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். மைனியின் கண் நேரே பிரமுவின் மடிக்குப் போயிற்று. "ஆத்தாடி! எம்புட்டு அழகா இருக்கு! பூப்பந்து மாதிரில்லா இருக்கு. நீயாட்டி பின்னுன?" என்று வாங்கக் கையை நீட்டினாள். பிரமு இடது கையால் நீட்டினாள். ஊசியும் அந்தக் கையில்தான் இருந்தது. மைனியின் கை ஒரு கணம் தயங்கிற்று, பிறகு அவசரத்தில் வாங்கிக்கொண்டது. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், விரலால் நெம்பிப் பார்த்தாள். "வாயி எங்கட்டி?"

"இல்ல மைனி. அடைச்சாச்சு."

"அடைச்சாச்சா? பின்ன பிள்ளை கையை எங்க நுழைக்க?"

"நுழைக்க வேண்டாம்."

"என்னட்டி சொல்லுத? புதன்கிழமை பிள்ளை பந்தியில..." மைனி தம்பியைப் பார்த்தாள். சிவசைலம் பாயில் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தான், வெறுங்கையோடு தூங்குகிற மகளைப் பார்த்தான். பிரமு எழுந்து நின்றாள். சொல்ல வேண்டிய வார்த்தை முன்னாலேயே தெரிந்தது, அது தட்டப்போகிறது என்பதும் தெரிந்தது. பக்கத்தில் நாலைந்து வழவழப்பான வார்த்தைகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. "குழலி ப..." என்றாள். நின்றது. "ப, ப..." கழுத்து நரம்பு தெறித்தது, கண் மேலே போகப் பார்த்தது, போகவிடாமல் மைனியின் முகத்திலேயே நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து செய்கிற மாதிரி சிவசைலம் வார்த்தையை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான், "பந்தி..."

இடது கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். "இருங்க அத்தான். நான் சொல்லுதேன்."

மைனி உறையைப் பிடித்தபடி நின்றாள். பிரமு அவசரப்படவில்லை. ப, ப என்று அது நாலு தடவை முட்டியது, ஐந்து தடவை முட்டியது, இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள், அவளும் தன் நாக்குக்காகத் தலை குனியாமல் நின்றாள், கடைசியில் அது வந்தது. "பந்தியில எல்லாருக்கும் எதிர்ல உக்காந்து, என் பிள்ளை பீச்சாங்கையாலதான் சாப்பிடுவா. அவ பக்கத்துல உக்காந்து நானும்."